எட்டாவது செவ்வாய்

அந்த மணியின் சத்தம் பெரிய சத்தமே அல்ல. ஒரு கைக்குள் அடங்கிவிடும் சின்னப் பித்தளை மணி அது. பூசைக்கு உதவுகிற பையன் அதை ஆட்டிக்கொண்டே முன்னால் நடக்க, பின்னால் பங்குச் சாமியார் கழுத்தில் ஊதாப் பட்டையைப் போட்டுக்கொண்டு, நெஞ்சோடு எதையோ அணைத்தபடி, யாரையும் பார்க்காமல், யாரோடும் பேசாமல் வருவார். செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் மிளகாய் வற்றல் நெடியும் வெல்ல மூட்டைகளின் புளித்த வாசனையும் எந்நேரமும் நிற்கும். அந்தக் காற்றில் அந்த மணி கேட்டதும் கத்தோலிக்க வீட்டுப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே முழந்தாளிடுவார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பார்கள். பிள்ளைகளாகிய நாங்கள் வீட்டுக்குள் ஓடிப்போய், கதவிடுக்கில் கண்ணை வைத்து, அவர் எந்த வீட்டு முன்னால் நிற்கிறார் என்று பார்ப்போம். ஏனென்றால் அவர் நுழைகிற வீட்டில் ஒருவர் சாகப்போகிறார்.

அதற்கு "அவஸ்தை பூசுறது" என்று பெயர். சாகக் கிடப்பவர் தன் பாவங்களை வாய்விட்டுச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றிலும் மந்திரித்த எண்ணெயால் சிலுவை வரைந்து, கடைசி நன்மை என்கிற மந்திரித்த அப்பத்தையும் கொடுத்து வழியனுப்புகிற சடங்கு அது. சாகிறவர்களுக்குத்தான் அதைக் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் சந்தில் அது தலைகீழாகத்தான் விளங்கிக்கொள்ளப்பட்டது. எண்ணெய் பட்டதால்தான் செத்தார்கள் என்று நினைத்தோம். "நல்லாக் கஞ்சி குடிச்சிட்டுக் கெடந்தவ, சாமியார் வந்துட்டுப் போன மக்கா நாளே போயிட்டா" என்று சவரியம்மா என்கிற கிழவியைப் பற்றிச் சொல்வார்கள். அப்படி மூன்று சாவுகளை நானே கதவிடுக்கு வழியாகப் பார்த்திருந்தேன். அதனால் பல வீடுகளில் கடைசி இழுப்பு வருகிறவரைக்கும் சாமியாருக்குச் சொல்லி அனுப்பாமல் தள்ளிப்போடுவார்கள். என் அம்மாவும் அந்த ரகம்தான்.

நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதை ஒட்டிய காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. பெயர் லூர்து மேரி, வீட்டில் லூர்து. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. நான் வாய் திறந்து பேசுகிற பிள்ளை அல்ல. கடையில் போய் உப்புக் கேட்கக்கூட எனக்குத் தொண்டை அடைக்கும், பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தாலும் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் ஜெபம் மட்டும் சத்தமாகச் சொல்வேன். ஜெபமாலையில் என் குரல் கோயில் கூரையைத் தொடும் என்று எங்களுக்கு ஜெபம் கற்றுக்கொடுத்த உபதேசியார் மெச்சிக்கொள்வார். இப்போது யோசித்தால் அதன் காரணம் தெரிகிறது. அந்த வார்த்தைகள் என்னுடையவை அல்ல. யாரோ எழுதி வைத்தவை. அவற்றைச் சொல்ல எனக்குத் தைரியம் தேவைப்படவில்லை.

அப்பா லாரி ஓட்டினார். சேலத்திலிருந்து வடக்கே வெகுதூரம் போய்ப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திரும்புவார். வந்தால் என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒரு நடை போய்த் திரும்பியவர், அதற்குப் பிறகு கோயிலுக்குள் போவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு கோயில்வரை வருவார். அம்மாவையும் என்னையும் உள்ளே அனுப்பிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பூசை முடிகிற வரைக்கும் நிற்பார். மழை பெய்தாலும் அங்கேதான். வருஷத்துக்கு ஒரு முறை, பாஸ்கு என்கிற ஈஸ்டர் காலத்தில், கட்டாயம் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்க வேண்டும் என்பது கட்டளை. அதையும் அவர் செய்யவில்லை. எதற்காக என்று யாருக்கும் தெரியாது. வடக்கே ஒரு குடும்பம் வைத்திருக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை, குடிதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். அம்மா கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

பக்கத்து வீட்டில் செல்லாயக்கா இருந்தார். மண்டியில் தானியம் புடைக்கிற வேலை. மாரியம்மனைக் கும்பிடுகிறவர் என்றாலும் எங்கள் கோயில் தேருக்குத் தவறாமல் வருவார். ஒரு முறை அப்பா மரத்தடியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, லாரியத்தான் உள்ள ஓட்ட முடியாது. நீங்க ஒருத்தர் போறதுக்கு அந்தக் கதவு பத்தாதா?" என்றார்.

"எனக்கு அகலம் பத்தாது செல்லாயி" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கண் மஞ்சள் போகவில்லை, வயிறு வீங்கியது. அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் குதிரை வண்டியில் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் அப்பாவின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, ஈரல் கெட்டுப்போயிருக்கிறது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். திரும்பி வரும்போது அம்மா வண்டியிலேயே முக்காட்டைப் போட்டுக்கொண்டு அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொண்டார். அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி, ஆத்தூர் சாலையில், குகை போலக் கட்டிய ஒரு சின்ன அந்தோனியார் கெபி இருந்தது. ஒன்பது செவ்வாய்க்கிழமை விடாமல் அங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றி, உப்பும் மிளகும் போட்டு வேண்டினால் நடக்காதது இல்லை என்பது அம்மாவின் நம்பிக்கை. ஒன்பதில் ஒன்று விட்டுப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்தாவது செவ்வாய் முடிந்தபோது அப்பாவால் எழுந்து உட்கார முடியவில்லை. ஒரு நாள் செல்லாயக்கா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "மரியம்மா, உங்க சாமியாருக்கு ஒரு வார்த்த சொல்லி உட்டா என்ன? வந்து துண்ணூறாட்டம் எதையாச்சும் பூசி உட்டுட்டுப் போறாரு."

அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "வாயக் கழுவு செல்லாயி! ஒம்பது செவ்வா முடியட்டும். அதுக்குள்ள அந்த எண்ணெ இந்த ஊட்டு வாசப்படி மிதிச்சுதுன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன், ஆமா."

"சரி தாயி, சரி. கஞ்சிய ஊத்து, ஆறிப்போவுது" என்று செல்லாயக்கா எழுந்து போய்விட்டார்.

அப்பா கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் அம்மாவிடம் சாமியாரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

எட்டாவது செவ்வாய்க்கிழமை மத்தியானம், அம்மா பஸ் ஏறிக் கெபிக்குப் போயிருந்தார். செல்லாயக்கா மண்டியில் இருந்தார். வீட்டில் நானும் அப்பாவும்தான். வெயில் ஓட்டு இடுக்கு வழியாகக் கட்டில்மேல் ஒரு கோடு போட்டிருந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"சாமி, இங்க வா. ஓடிப்போயி நம்ம சாமியாரக் கூட்டிட்டு வா."

நான் அசையவில்லை.

"எனக்கு ஒண்ணு சொல்லோணும். சொல்லாமப் போனா ஆவாது. உங்கம்மா வாரதுக்குள்ள கூட்டிட்டு வந்துரு. போ கண்ணு."

நான் போனேன். எங்கள் சந்திலிருந்து பங்குக் கோயில் அரைமணி நேர நடை. மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகளுக்கு நடுவே, கால் சுட, அழுதுகொண்டே ஓடினேன். சாமியார் பங்களாவின் வாசல்வரைக்கும் போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. சாமியார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தன் செபப் புத்தகத்தை உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார். நான்கு எட்டு வைத்து, "சாமி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் உடனே எழுந்து வந்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். தெற்கத்திச் சீமைக்காரர், கண்டிப்பானவர், ஆனால் சாகக் கிடப்பவர் என்று கேட்டால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

அவருக்குப் பின்னால் சுவர் மாடத்தில் அந்தப் பித்தளை மணி இருந்தது.

அதைப் பார்த்தபோது எனக்கு மனசில் ஒன்றுதான் தோன்றியது. இவரைக் கூட்டிக்கொண்டு போனால் அப்பா செத்துப்போவார். கூட்டிக்கொண்டு போகாவிட்டால், இன்னும் ஒரே ஒரு செவ்வாய்தான் பாக்கி, அப்பா பிழைத்துக்கொள்வார். நான் ஓசைப்படாமல் பின்வாங்கிக் கோயிலுக்குள் போனேன். உள்ளே யாரும் இல்லை. பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, கடுமையான வேண்டுதலுக்குப் பெரியவர்கள் செய்வதைப் போல இரண்டு கைகளையும் சிலுவையாக விரித்துக்கொண்டு, ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணி ஜெபத்தை முழுதாகச் சொன்னேன். கை இறங்கினால் அப்பாவின் உயிரும் இறங்கிவிடும் என்று நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். தோள்பட்டை நெருப்பாக எரிந்தது. கை இறங்கவில்லை. முடித்து எழுந்தபோது எனக்கு நிச்சயமாக இருந்தது, நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று. அந்த நிச்சயத்தைப் போல ஒன்றை அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நான் உணர்ந்ததில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பாவின் முகம் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"பின்னால வாராரா?"

"இல்லீங்கப்பா. சாமியார் ஊர்ல இல்லையாமா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அப்ப நீயாச்சும் கேளு சாமி. கிட்ட வா" என்றார்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அந்தக் கை மஞ்சளாகவும் சில்லென்றும் இருந்தது.

"அன்னைக்கு நல்ல மழை. வண்டி வெளக்கு ஒண்ணு சரியா எரியல..." என்று ஆரம்பித்தார்.

எனக்குப் பயம் வந்தது. அப்பா சாகிறவரைப் போலப் பேசுகிறார் என்கிற பயம். சாகிற நேரத்தில்தான் பசாசு வந்து பழைய நினைவுகளைக் காட்டி ஆத்துமாவைக் கெடுக்கும், அப்போது காதில் "சேசு மரி சூசை" என்கிற மூன்று பேர்களைத் தவிர வேறு எதுவும் விழக்கூடாது என்று உபதேசியார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் அப்பாவின் காதருகே வாயை வைத்து அந்த மூன்று பேர்களைச் சொன்னேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை. நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். "அப்பா, பேசாதீங்கப்பா, ஜெபம் சொல்லுங்கப்பா" என்று கத்திவிட்டு, கோயில் கூரையைத் தொடுகிற அந்தக் குரலில் அருள்நிறை மந்திரத்தை ஆரம்பித்தேன். அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறார் என்பது எனக்குக் கேட்கவில்லை; கேட்கக்கூடாது என்றுதானே கத்தினேன். ஒரு முறை கையைத் தூக்கினார். சிலுவை போட்டுக்கொள்ளத் தூக்குகிறார் என்று எண்ணி நான் இன்னும் வேகமாகச் சொன்னேன். அந்தக் கை அவருடைய நெற்றிக்குப் போகவில்லை. என் வாய்மேல் வந்து விழுந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொடர்ந்து சொன்னேன்.

ஜெபமாலை எத்தனை தடவை சுற்றியது என்று தெரியாது. ஒரு கட்டத்தில் உதடு நின்றுவிட்டது. அமைதியாகிவிட்டார், ஜெபம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா முந்தானையில் மந்திரித்த மிளகை முடிந்துகொண்டு, பஸ் புழுதியோடு வாசலில் நுழைந்தார். அப்பாவைப் பார்த்ததும் அந்த முடிச்சோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சாமியார் வந்தார். மணி இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் ஜெபித்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"இவன் நன்மை வாங்கி எத்தனை வருஷமாச்சு?"

"ஏழு வருசமுங்க சாமி."

"நோயில் விழுந்து இரண்டு மாசம். ஒரு நாள்கூட என்னை அழைக்கச் சொல்லவில்லையா? ஒரு வார்த்தை போதும் அம்மா. ஒரு சைகை போதும். தன் பாவங்களுக்காக மனஸ்தாபப்பட்டான் என்பதற்கு ஏதாவது ஒன்று இருந்தால் நான் மந்திரித்த மண்ணில் வைத்து, எல்லா ஜெபமும் சொல்லி அடக்கம் செய்வேன். எதுவும் இல்லையென்றால் எனக்கு வழியில்லை."

அம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "எங்கிட்டக் கேக்கலைங்க சாமி" என்றார்.

"வேறு யாரிடமாவது?"

சாமியார் கூடியிருந்த எல்லோரையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். "கேட்டாரு சாமி" என்று இரண்டு சொல். அதைச் சொன்னால் யாரிடம் கேட்டார் என்பார்கள். என்னிடம் என்றால், நீ ஏன் வரவில்லை என்பார்கள். அம்மா என்னைப் பார்ப்பார். என் தொண்டை, கடையில் உப்புக் கேட்கும்போது அடைப்பதைப்போலவே அடைத்துக்கொண்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கல்லறைத் தோட்டத்தின் கடைசியில், கள்ளி முளைத்த சுற்றுச் சுவரோரம், ஞானஸ்நானம் வாங்காமல் இறந்த சிசுக்களைப் புதைக்கிற மந்திரிக்காத மண்ணில் அப்பாவை வைத்தார்கள். மணி அடிக்கவில்லை. பாட்டு இல்லை. சாமியார் சாதாரண அங்கியோடு வந்து, தள்ளி நின்று, கையால் ஒரு சிலுவை மட்டும் வரைந்தார். செல்லாயக்காதான் பொறுக்க முடியாமல் வாய்விட்டுக் கேட்டார்: "செத்ததுக்கப்புறமும் முன் வரிசை, பின் வரிசைங்களா சாமி? உசுரோட இருந்தப்பத்தான் மரத்தடியில நின்னாரு. இப்பவுமா?"

சாமியாரின் முகம் சிவந்துவிட்டது. வேகமாக நடந்து போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மரக்கூண்டின் இந்தப் பக்கம் முழந்தாளிட்டு, அடைத்த பலகையின் சின்னத் துளைகள் வழியாக, என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் சொந்த வார்த்தைகளால் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கேட்டது, நான் வாசல்வரை வந்தது, திரும்பிப்போனது, பொய் சொன்னது, எல்லாம். வேறெங்கும் வராத பேச்சு அந்த இருட்டில் எனக்கு வந்தது. முகம் தெரியாது என்கிற தைரியம்தான். அதுதான் நான் செய்த அடுத்த தவறு.

அந்தப் பக்கமிருந்து சாமியாரின் குரல் உடைந்து வந்தது. "அவன் கேட்டானா? நிச்சயமாக என்னைக் கேட்டானா?"

"கேட்டாருங்க சாமி."

"பிள்ளாய், இதை நீ இங்கே வந்து சொல்லிவிட்டாயே. இந்தக் கூண்டுக்குள் கேட்டதை வைத்து நான் ஒரு பிடி மண்ணைக்கூட நகர்த்த முடியாது. வெளியே உன்னிடமே இதைப் பற்றி நான் வாய் திறக்கக்கூடாது. நீயாக வெளியே வந்து சொல். உன் அம்மாவோடு வந்து இதே வார்த்தையைச் சொல். அன்றைக்கே அவன் குழியை மந்திரிக்கிறேன். கேட்கிறதா? நான் காத்திருப்பேன்."

அபராதமாக ஐம்பத்துமூன்று மணி ஜெபம் ஒன்று சொல்லச் சொன்னார். அதை நான் அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டேன். மற்றதைச் செய்யவில்லை.

அவர் காத்திருந்தார். இரண்டு வருஷம். பூசையில் பிரசங்கத்துக்குத் திரும்பும்போது அவர் கண் ஒரு தடவை பெண்கள் பக்கம் வந்து என்மேல் நின்றுவிட்டுப் போகும். வழியில் பார்த்தால் நடையைத் தளர்த்துவார். நான் "தோத்திரம் சாமி" என்று கும்பிட்டுவிட்டு அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விடுவேன். ஒரு வார்த்தையும் அவர் கேட்டதில்லை, கேட்கவும் முடியாது.

வீட்டில் அது இன்னும் கொடுமையாக இருந்தது. அம்மா அதற்குப் பிறகு கெபிக்குப் போகவே இல்லை. ஒன்பதாவது செவ்வாய் வராமலே போயிற்று. தினமும் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும், பாவம் கழியும்வரை காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு என்று ஒரு ஜெபம் சொல்லும்போது அம்மாவின் குரல் நின்றுவிடும். "அங்கயாச்சும் இருக்காரோ, அதுக்கும் கீழ போயிட்டாரோ. கல்லு மனசு. சாகறப்பக்கூட ஒரு வார்த்த கேக்கல பாரு" என்பார். அம்மாவின் கணக்கில் அப்பா நரகத்தில் இருந்தார். அங்கே போனவருக்கு ஜெபம் உதவாது என்பதும் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்வார், சொல்லிவிட்டு அழுவார். ஒரே ஒரு வார்த்தையால் அந்த அழுகையை நான் நிறுத்தியிருக்கலாம். எத்தனையோ நாள் வாய்வரைக்கும் வந்தது. "அம்மா" என்பேன். "என்ன சாமி?" என்பார். "பசிக்குது" என்பேன்.

சாமியாருக்கு மாற்றல் வந்தது. கோயில் முற்றத்தில் மாலை போட்டார்கள். ஒவ்வொருவராகப் போய்க் கையில் முத்தமிட்டோம். என் முறை வந்தபோது அவர் கையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. "உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா, பிள்ளாய்?" என்றார். எல்லோரிடமும் கேட்பதுபோலத்தான் கேட்டார். அம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லைங்க சாமி."

அவர் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் கையை நீட்டினார். அன்று சாயங்காலமே ஜட்கா வண்டியில் ஏறிப் போய்விட்டார். சில வருஷங்களில் எங்கோ ஒரு ஊரில் இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். அவர் அதைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அம்மா என் கல்யாணத்துக்குப் பிறகும் வெகுநாள் இருந்தார். அவர் சாகக் கிடந்தபோது நானே ஓடிப்போய்ச் சாமியாரை அழைத்து வந்தேன். எண்ணெய் பூசினார்கள். எல்லாம் முடிந்த பிறகு, அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்த நேரத்தில், அந்தக் காதருகே வாயை வைத்து, "அப்பா சாமியாரக் கேட்டாரும்மா. நாந்தான் போகல" என்றேன். பன்னிரண்டு வயதில் சொல்லியிருக்க வேண்டியதை நாற்பது வயதில் சொன்னேன். கேட்டதா என்று தெரியாது. முகத்தில் எந்த மாறுதலும் இல்லை.

பிரசங்கங்களில் ஜெபத்தின் வல்லமையைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். மலையை நகர்த்தும் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை, எனக்கு ஜெபத்தில் நம்பிக்கை போய்விடவும் இல்லை. காலையும் மாலையும் முழந்தாளிடாமல் நான் இருந்ததில்லை. ஆனால் அந்த எட்டாவது செவ்வாயன்று என் ஜெபத்துக்கு இருந்த வல்லமையை நான் அறிவேன். அது ஒரு மனிதனின் வாயை அடைத்தது. கர்த்தரிடம் நான் பேசிக்கொண்டிருப்பதாக எண்ணினேன். அவர் என்னிடம் அனுப்பிய ஒரே காரியம், அப்பா சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதுதான், அதைத்தான் நான் கத்திக் கத்தி விரட்டினேன். அதனால் இப்போதெல்லாம் முழந்தாளிட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. வீட்டில் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்றைக்கு "அவஸ்தை" என்கிற சொல்லையே என் பிள்ளைகள் கேட்டதில்லை. நோயாளிகள் தினம் என்று ஒரு நாள் வைத்து, மூட்டுவலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள் எல்லோரையும் கோயிலில் வரிசையாக நிற்கவைத்து எண்ணெய் பூசுகிறார்கள். பூசிக்கொண்டவர்கள் வெளியே வந்து, டவுன் பஸ் இன்னும் வரவில்லையே என்று அலுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் எதற்காக அவ்வளவு பயந்தோம் என்று சொன்னால் சிரிப்பார்கள். கல்லறைத் தோட்டத்தின் அந்தச் சுற்றுச் சுவரை இடித்து, பின்னால் இருந்த நிலத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள். மந்திரித்த மண் எது, மந்திரிக்காத மண் எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. கள்ளியும் இல்லை. நடுத் தோட்டத்தில், இரண்டு சிமென்ட் கல்லறைகளுக்கு இடையே, ஏறக்குறைய இந்த இடம் என்று நான் மனசில் வைத்திருக்கிற வெறுந்தரையில் ஒரு மெழுகுவர்த்தியை நட்டுவிட்டு வருவேன்.

போன கல்லறைத் திருநாளன்று காலேஜில் படிக்கும் என் மகளும் கூட வந்திருந்தாள். இளம் சாமியார் ஒருவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாக வந்தார். எங்கள் மெழுகுவர்த்தியைப் பார்த்ததும், யார் என்று கேட்கவில்லை. அதன்மேலும் இரண்டு துளி தெளித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். முப்பத்தைந்து வருஷம் முன்னால் ஒரு மனிதர் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது, ஒரு நொடியில், ஒரு வார்த்தையும் இல்லாமல் நடந்து முடிந்தது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"இது யாரும்மா? ஏன் கல்லுகூட வைக்கல?" என்றாள் மகள்.

"உங்க தாத்தா."

"லாரி ஓட்டுனாரே, அவரா? எப்பப் பாத்தாலும் கோயிலுக்கு வெளிய நின்னாருன்னு சொல்வியே. அப்படி என்னதாம்மா செஞ்சாரு?"

காற்றில் சுடர் சாய்ந்தது. அவள் குனிந்து கையைக் குவித்து அதற்கு மறைப்புக் கொடுத்தாள்.

"தெரியாது கண்ணு" என்றேன். "சொல்ல வந்தாரு. நான் சொல்ல விடல."